மைமு சாகவில்லை, ஊர்தான் செத்தது

மைமு காசிக் செத்துப்போனது நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாவட்ட மருத்துவமனையில். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூச்சு நின்றதைப் பார்த்த டாக்டருக்கு இல்லை. கண்ணை மூடிவிட்ட நர்ஸுக்கு இல்லை. அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கணவர் வம்போலாவுக்கு இருக்க நியாயமே இல்லை. பெயர் ஒழுங்கு வாரியத்துக்கும் சந்தேகம் இல்லைதான். அதற்கு எப்போதும் சந்தேகமே வராது. மைமு சாகவில்லை என்று அதற்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

வாரியத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது தன்னைப் பற்றி நாலாயிரம் வார்த்தை சொல்லிக்கொள்வதற்குள். எஸ்தோனியாவில் இருநூறு வருடத்துக்கு முன்னால் குடியானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் ஒரு பெயர் வை என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், பண்ணை எசமானர்கள் சன்னலைத் திறந்து வெளியே என்ன தெரிந்ததோ அதை வைத்துவிட்டார்கள். ஒருத்தன் குன்று, ஒருத்தன் சதுப்பு, ஒருத்தன் நரி. ஊர்களுக்கும் அதே பெயர்கள்தான். வம்போலாவின் முப்பாட்டன் முறை வந்தபோது எசமானர் கண்ணில் பட்டது பிர்ச் மரத்தோப்பு, அதுதான் காசிக். மனிதரானால் காசிக், ஊரானால் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துக் காசிக்கு. தமிழ்க் காதுக்கு இது சாகப்போகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிற திசை போலக் கேட்கும். போகப்போக அது அப்படியொன்றும் தப்பாகப் படாது.

மனிதரும் ஊரும் ஒரே பெயரை இத்தனை காலம் சண்டை சச்சரவில்லாமல் வைத்துக்கொண்டிருந்தது வாரியத்தின் கண்ணை உறுத்தியது. 'ஒரு பெயர், ஒரு பதிவு' என்று முழங்கி, மனிதர்கள், ஊர்கள், குளங்கள், பஸ் நிறுத்தங்கள் அத்தனையையும் ஒரே பதிவேடாகக் கணினியில் ஏற்றினார்கள். பறவைப் பெயர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாரியத்தில் பாதிப்பேர் பறவைகள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஓர் அறிக்கையும் வந்தது.

இந்தப் பதிவேட்டில்தான் அந்த நர்ஸ் மைமுவின் சாவை ஏற்றினாள். அவள் பக்கத்து ஊர்ப் பெண். சின்ன வயதில் மைமுவின் தோட்டத்தில் ஆப்பிள் திருடித் தின்றவள். அந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயரை முன்னால் வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். அவள் அழுதுகொண்டே, வாயில் வந்த வழக்கப்படி 'காசிக்கு மைமு' என்று தட்டிவிட்டாள். பதிவேடு முதல் வார்த்தையைப் படித்தது. உகரம் இருந்தது. அது ஊர். இறந்தது ஊர். 'மைமு' என்பதைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு ஓரத்தில் போட்டுவிட்டது.

வம்போலா பெயரில்தான் வம்பு இருக்குமே தவிர, ஆள் வம்புதும்புக்குப் போகாதவர். காலமெல்லாம் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். அரசாங்கம், வங்கி, மருந்துச்சீட்டு, ஓட்டுப் போடுவது எல்லாவற்றையும் மைமுதான் தன் அடையாள அட்டையைக் கணினியில் செருகிப் பார்த்துக்கொள்வாள். அவருடைய அட்டையின் ரகசிய எண் அவருக்கே தெரியாது. வியாழக்கிழமை கணினியில் ஏதோ வந்து மினுக்கியது. அவர் மைமு செய்வதுபோலவே அவள் அட்டையைச் செருகி, அதன் உறையில் அவள் எழுதி வைத்திருந்த எண்ணைத் தட்டினார்.

'மைமு காசிக் அவர்களே, தங்கள் அன்புக்குரிய காசிக்கு காலமானதற்கு வாரியம் ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கிறது.' கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கட்டம். அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். கண்ணை நீர் மறைத்ததால் சரியாகப் புரியவில்லை. அனுதாபம் என்று மட்டும் தெரிந்தது. நல்ல மனுஷங்க என்று நினைத்துக்கொண்டு கட்டத்தை அழுத்தினார்.

மறுநாள் ரொட்டி வண்டி வரவில்லை. அதற்கு மறுநாள் பனி கொட்டியது. பனி தள்ளும் வண்டி வந்து ஊர் எல்லையில் நின்று, ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் தலைகுனிந்து, திரும்பிப் போனான். பஸ் நிறுத்தத்தில் யாரோ பொறுப்பான ஊழியர் கறுப்புத் துணி சுற்றிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்து வீட்டு ஹில்யா, வம்போலாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

"வம்போலா, நாம எல்லாரும் செத்துட்டோமாம் தெரியுமா? மருந்துக் கடைக்குப் போன் பண்ணேன். 'காசிக்குவா? அங்க யாருமில்லயே'ங்கறான். அப்ப நான் யாருடான்னேன். 'அதைத்தாம்மா நானும் யோசிக்கறேன்'ங்கறான்."

"உனக்குச் சர்க்கரை மருந்து இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. செத்தவளுக்குச் சர்க்கரை எதுக்கு, விடு. நீ மைமுவ எப்பக் கொண்டு வரே?"

அதுதான் வம்போலாவின் ஒரே கவலை. ஊர் செத்தால் சாகட்டும். அவர்களுடைய மகள் லீஸ் பதினெட்டு வயதில் ஏரிமேல் உறைந்த பனி உடைந்து உள்ளே மூழ்கிப் போனவள். தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், காசிக் குடும்பத்து இடத்தில் படுத்திருக்கிறாள். மைமு கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதைப் பற்றித்தான். "என்னை அவ பக்கத்துல போடு. ஒட்டினாப்பல. குளிருக்குப் பயப்படுவா அவ."

கல்லறைத் தோட்டத்துக் காவலாளி எவால்ட் கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மைமு உயிரோட இருக்கறதா வருது. உயிரோட இருக்கறவங்கள நான் புதைச்சா அதுக்குப் பேரு வேற, வம்போலா. ஜெயில்ல போடுவான்."

"நீயே ஆஸ்பத்திரிக்கு வந்து பாரேன்."

"பாத்தா நம்புவேன். நம்பி என்ன பண்றது? திரையில பச்சை விளக்கு எரிஞ்சாத்தான் மண்வெட்டி எடுக்கலாம்."

மருத்துவமனையிலும் இதே கதை, தலைகீழாக. உயிரோடு இருக்கிறவர்களைப் பிண அறையில் வைப்பது கடுமையான குற்றம் என்று அவர்களுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. பதறிப்போய் மைமுவை வெளியே அனுப்பிவிட்டார்கள். 'குணமடைந்து வீடு திரும்புகிறார். உப்பைக் குறைக்கவும். தினமும் சிறிது நடக்கவும்' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். வம்போலாவும் ஹில்யாவும் சவப்பெட்டியை ஹில்யாவின் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தானியக் கொட்டகையில் அடுப்பு கிடையாது; உள்ளே வெளியைவிடக் குளிர். அங்கே இரண்டு மரக்கட்டைமேல் பெட்டியை வைத்து, துக்க வீட்டு வழக்கப்படி வாசலில் ஸ்புரூஸ் மரக் கிளைகளைப் பரப்பினார் வம்போலா. ஒவ்வொரு நாள் காலையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ஆகவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவார். சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருக்கும். உயிரோடு இருந்தபோது அவள் கேட்ட எதையும் அவர் இவ்வளவு தாமதித்ததில்லை.

வாரியத்தின் கிளை அலுவலகம் மாவட்டத் தலைநகரில், கண்ணாடிச் சுவரோடு பளபளவென்று இருந்தது. சிறப்பு ஆலோசகர் ரிவோ தேதர் எழுந்து நின்று, உள்ளே வந்த வம்போலாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தேதர் என்றால் காட்டுக்கோழி.

"என் ஆழ்ந்த அனுதாபம் ஐயா."

வம்போலாவும் அந்தக் கையை இறுகப் பிடித்தார். இதுவரை யாரும் அவரிடம் நேரில் அப்படிச் சொல்லவில்லை.

"பொறந்து வளந்த ஊரைப் பறிகொடுக்கறது சாதாரண விஷயமா?" என்று முடித்தார் தேதர்.

"ஊரு அப்படியேதான் இருக்குங்க. போனது என் பொஞ்சாதி."

"துக்கத்துல அப்படித்தான் தோணும்." தேதர் திரையைத் திருப்பிக் காட்டினார். "அவங்க நல்லா இருக்காங்க. பாருங்க, வியாழக்கிழமை அனுதாபத்தைப் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து. செத்தவங்க கையெழுத்துப் போடற அளவுக்கு நம்ம தொழில்நுட்பம் இன்னும் வரல. அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு."

"அது நான் அமுக்கினதுங்க. அவ அட்டைய வெச்சு."

"ஐயா, ஐயா." தேதர் காதைப் பொத்திக்கொண்டார். "அடுத்தவங்க அட்டையில கையெழுத்துப் போடறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? நீங்க சொன்னதை நான் கேக்கல. உங்களைப் பாத்தா நல்லவரா இருக்கீங்க."

"அப்ப அந்த ஊருச் சாவையாவது அழிச்சுடுங்க. மொதல்லேர்ந்து சரியா எழுதுவோம்."

தேதர் வருத்தப்பட்டார். அவருக்கு இது மனிதர்களின் அறியாமை. "சாவை அழிக்கறதா? நம்ம பதிவேட்டுல அதுக்கு வழியே வைக்கல. அதுதான் அதோட பெருமை. வெளிநாட்டுக்காரங்க விமானம் ஏறி வந்து இதைப் பாத்துட்டுப் போறாங்க. ஒரு தடவை செத்தா செத்ததுதான். ஆனா நகர்த்தலாம். ஒரே பெயருக்குள்ள, ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு. அதுக்கு விசாரணைக் கூட்டம் போடணும். உங்களுக்காகச் சீக்கிரமே போடறேன்."

சீக்கிரமே என்றால் டிசம்பர் நடுவில். அதற்குள் ஊரில் மின்சாரமும் போயிருந்தது. மின் நிறுவனம் மெழுகுவர்த்தி ஒன்றை அனுப்பி, அதைக் காசிக்குவின் நினைவாக ஏற்றும்படி கேட்டுக்கொண்டது. ஹில்யா அதை ஏற்றி வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள். அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. மருந்தைப் பாதிப்பாதியாகப் போட்டுக்கொள்கிறாள் என்று வம்போலாவுக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பாள்.

விசாரணைக் கூட்டத்தில் காப்பியும், வளையமாகச் சுட்ட திராட்சை ரொட்டியும் வைத்திருந்தார்கள். வம்போலாவையும் ஹில்யாவையும் முன்வரிசையில், 'துக்க வீட்டார்' என்று எழுதிய நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். வாரியத் தலைவி மர்கித் லூயிக் மேடையேறினார். லூயிக் என்றால் அன்னம். கழுத்தும் அதற்கேற்றபடி இருந்தது.

"நண்பர்களே," என்றார் தலைவி. "முன்பெல்லாம் ஒருவர் இறந்துவிட்டால் அவர் யார் என்று தெரிந்துகொள்ள நாம் என்ன செய்தோம்? அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். ஒரு நவீன நாட்டுக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா? இன்று அக்கம்பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டாம். அக்கம்பக்கமே வேண்டாம். ஆள்கூட வேண்டாம். பெயர் இருந்தால் போதும். இப்போது நம்மிடம் ஒரு சாவு இருக்கிறது. நல்ல, முழுமையான, சரிபார்க்கப்பட்ட சாவு. அதை யாருக்குக் கொடுப்பது என்று எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவெடுக்கப் போகிறோம். சாவு இவ்வளவு வெளிப்படையாக நடக்கும் நாடு உலகத்தில் வேறு எது?"

கை தட்டினார்கள். தட்டாதவர்கள் வாயில் ரொட்டி இருந்தது.

தேதர் அந்தப் பெயரில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். ஊர் காசிக்கு சாவை ஏற்றுக்கொண்டால் மீதமிருக்கும் ஜனங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஹில்யா எழுந்து, "என்னைத் தூக்கிட்டுப் போறவன் இடுப்பு ஒடியும்" என்று ஆட்சேபம் தெரிவித்தாள். அது 'உடல்நலக் காரணம்' என்று பதிவானது. காசிக்கு குளத்துக்குக் கொடுக்கலாம் என்றால், அதில் அபூர்வமான நீர்ப்பல்லி இனம் ஒன்று வாழ்வதால் குளம் சாவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பஸ் நிறுத்தத்துக்கு இப்போதுதான் புதுக் கூரை போட்டிருந்தார்கள். மைமு காசிக், அனுதாபத்தைப் பெற்றுக்கொண்டவர் என்ற முறையில், ஐயத்துக்கிடமின்றி உயிரோடு இருந்தார். உடல் தேறி வீடு திரும்பியதற்கு மருத்துவமனைச் சான்றும் இருந்தது.

"அப்ப இந்த வட்டாரத்துல அந்தப் பெயர்ல மீதி இருக்கறது ஒருத்தர்தான்," என்று தேதர் கண்ணாடியைக் கழற்றினார். அரங்கம் முழுக்க வம்போலாவைப் பார்த்தது. சிலர் கண்ணில் நிஜமான பரிவு தெரிந்தது.

"அட பாவிகளா," என்றாள் ஹில்யா சத்தமாகவே. "நிக்கற ஆளைச் சாகச் சொல்றீங்களே."

"யாரும் சாகச் சொல்லலைங்க. இவர் வீட்டுக்குப் போலாம், சாப்பிடலாம், தூங்கலாம். பதிவுலதான் இருக்க மாட்டார். கட்டாயமும் இல்ல. சம்மதமில்லன்னா ஊரே அதை வெச்சுக்கட்டும். அடுத்த கூட்டம் வசந்தத்துல," என்றார் தேதர்.

வசந்தம் என்றால் பனி உருகும் காலம். வம்போலா கொட்டகையை நினைத்தார். பெட்டியைக் காத்துவரும் குளிர் அப்போது அங்கே இருக்காது. அவர் எழுந்து, தொப்பியைக் கையில் பிசைந்தபடி கேட்டார்.

"எனக்குக் குடுத்தீங்கன்னா, குழி வெட்ட அனுமதி வருமா?"

"வம்போலா, உக்காரு," என்றாள் ஹில்யா.

"உடனே வரும்," என்றார் தேதர் மகிழ்ச்சியோடு. "இறந்தவங்களுக்கு எல்லாம் தானா வரும். நீங்க அலையவே வேண்டாம்."

"எங்க குடும்பத்து இடத்துலயா? என் மக பக்கத்துல?"

"அது உங்க உரிமை."

"பெட்டிக்குள்ள யாரு இருக்காங்கன்னு திறந்து பாப்பீங்களா?"

தேதரின் முகம் சுருங்கியது. "ஐயா, நாங்க காட்டுமிராண்டிங்க இல்ல. பெட்டியைத் திறக்கறது இறந்தவங்களுக்கு அவமரியாதை. நாங்க பெயரை மட்டும்தான் பாப்போம்."

"அப்ப எனக்கே குடுங்க."

தன் சாவுக்கான சம்மதத்தில் வம்போலா அங்கேயே கையெழுத்துப் போட்டார். இதற்குப் பிறகு அவர் கையெழுத்துச் செல்லாது என்பதால் தேதர் முன்ஜாக்கிரதையாக இரண்டு பிரதியில் வாங்கிக்கொண்டார். தலைவி மேடையிலிருந்து இறங்கி வந்து, உங்களைப் போன்ற குடிமக்களால்தான் இந்த நாடு நிற்கிறது என்றார். பிறகு ஒரு கணம் யோசித்து, 'நின்றது' என்று திருத்திக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஹில்யா வேனை மெதுவாக ஓட்டினாள். "உன் பென்ஷன்?" என்றாள். "மருந்து? உனக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?"

"ஊருக்கு ரொட்டி வண்டி வரும்ல. உனக்கு மருந்து வரும்."

"நான் அதையா கேட்டேன்?"

"மைமுவ உள்ள வெச்சுடலாம் ஹில்யா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் யோசிக்க முடியல."

பச்சை விளக்கு அன்றைக்கே எரிந்துவிட்டது. சனிக்கிழமை அடக்கம். ஊரில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் காட்டோரமாக ஒரு பெரிய பைன் மரம் நிற்கிறது. அதன் உடம்பெல்லாம் சிலுவைகள். ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று. பெட்டியோடு போகும்போது அங்கே நிறுத்தி, வீட்டு ஆண் ஒருவர் பட்டையில் சிலுவை வெட்ட வேண்டும். ராத்திரியில் செத்தவர் எழுந்து வீட்டுக்கு நடக்கத் தொடங்கினால், இந்த இடத்தில் தன் சிலுவையைப் பார்த்து, நாம் செத்துவிட்டோமே என்று ஞாபகம் வந்து திரும்பிவிடுவார். வம்போலா கத்தியை எடுத்து ஆழமாக, நேராக வெட்டினார். மரவேலை தெரிந்த கை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மடக்கு வோட்கா குடித்தார்கள்.

பாதிரியார் புதியவர்; நாலு ஊருக்கு ஒருத்தர். வந்திருந்த அறிவிப்பைப் பார்த்துப் படித்தார். "வம்போலா காசிக் உழைப்பாளி. மனைவிமேல் பாசம் கொண்டவர். அவரை இழந்து தவிக்கும் திருமதி மைமுவுக்கு ஆண்டவர் ஆறுதல் அருள்வாராக." திருமதி மைமு எங்கே என்று கூட்டத்தில் தேடினார். உடல்நிலை சரியில்லை என்று எவால்ட் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எவால்டுக்கு எல்லாம் தெரியும். பெட்டி இறங்கும்போது அதை லீஸ் இருக்கிற பக்கமாக ஒரு சாண் நகர்த்தி இறக்கியது அவர்தான்.

தன்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகக் கேட்டதில் வம்போலாவுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இறந்தவள் என்று அவள் பெயரை அவள் குழிமேல் ஒருவரும் சொல்லவில்லை. அது அவருக்கு நெஞ்சை அறுத்தது. மண் போடும் முறை வந்ததும் குனிந்தார். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு தடவை, மூன்று பிடிக்கும், மைமு, மைமு, மைமு என்று சொல்லிப் போட்டார்.

"நீங்க இறந்தவருக்கு என்ன உறவு?" என்று பாதிரியார் கனிவோடு விசாரித்தார்.

"ஒரே வீடுங்க," என்றார் வம்போலா.

பிறகு மேட்டின்மேல் மணலைப் பரப்பி, பல்வைத்த வார்கோலால் அந்த ஊர் வழக்கப்படி வரிவரியாக இழுத்துவிட்டு, தங்கள் காலடித் தடத்தையும் அழித்தபடி எல்லோரும் பின்வாங்கி வெளியே வந்தார்கள். ஹில்யாவின் வீட்டில் பட்டாணியும் இறைச்சியும் காத்திருந்தன. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஊர்ச் சாலையில் பனியைத் தள்ளிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஊருக்கு உயிர் திரும்பிவிட்டதல்லவா. வேன் பைன் மரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது வம்போலா, "கொஞ்சம் நிறுத்து" என்றார்.

இறங்கிப் போய் மரத்துக்கு முன்னால் நின்றார். காலையில் வெட்டிய சிலுவை மஞ்சளாக, ஈரமாக இருந்தது.

"என்னய்யா மறந்துட்டே? கத்தியா?" என்று ஹில்யா சன்னலை இறக்கிக் கேட்டாள்.

"இல்ல. இதை யாருக்கு வெட்டினேன்னு பாக்கறேன்."

"மைமுவுக்கு. வேற யாருக்கு?"

"மைமு சாகலயே, ஹில்யா."

ஹில்யா கையை நீட்டி வேனின் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறு வம்போலா, குளுருது," என்று மட்டும் சொன்னாள், மிக மெதுவாக.

அவர் ஏறவில்லை. அவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். வீடு மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வம்போலா இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.